பாளையில் அரை நாள்: ஊசிக் கோபுரத்துக்கு முன்னால் பாப்பாத்தி அம்மாள் கோயில்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து அத்தை வந்திருந்தார். எழுபத்தொரு வயது. சாரா டக்கர் கல்லூரி ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். கல்யாணமாகி மேற்கே போன பிறகு திருநெல்வேலிக்கு வந்ததெல்லாம் கல்யாண வீட்டுக்கும் துட்டி வீட்டுக்கும்தான், காலையில் ரயிலை விட்டு இறங்கினால் ராத்திரி திரும்ப ரயில் ஏறிவிடுவார். இந்தத் தடவை பத்து நாள் இருப்பேன் என்று பெரிய பெட்டியோடு வந்தவர் மறுநாளே ஆரம்பித்துவிட்டார். "ஏட்டி, என்னைப் பாளைக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போயேன். ஊசிக் கோபுரத்தக் கிட்ட நின்னு பாக்கணும்."

நான் திருநெல்வேலி டவுனில் இருக்கிறேன். வாரத்தில் நாலு நாள் வேலையாகப் பாளைக்கு, அதாவது பாளையங்கோட்டைக்குப் போகிறேன். முருகன்குறிச்சி சிக்னலில் நிற்கும்போது, அங்குள்ள பெரிய கிறிஸ்தவ ஆலயத்தின் அந்த வெள்ளை ஊசிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, உள்ளே போனதில்லை. என்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். வெளியூரிலிருந்து வருபவர்கள் நெல்லையப்பர் கோயில், அல்வா, குற்றாலம் என்று மூன்றோடு முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள், தாமிரபரணி ஆற்றைத் தாண்டினால் இப்படி ஒரு ஊர் இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டாயம் போகலாம். அரை நாள் போதும், பெரிய செலவில்லை, வயதானவர்களையும் அழைத்துப் போகலாம். ஆனால் ஊசிக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போக வேண்டியது கிளாரிந்தா ஆலயம், தலைப்பில் சொன்ன பாப்பாத்தி அம்மாள் கோயில். அதுவும் கிறிஸ்தவ ஆலயம்தான், இந்தப் பக்கம் அதையும் கோயில் என்றுதான் சொல்வோம். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

வண்டி விஷயம் முதலில். செல்போனில் கார் புக் பண்ணினேன், இரண்டு தடவை வருகிறேன் என்று காட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் ரத்தானது. காலை ஆறேமுக்காலுக்கு அத்தை சேலை கட்டித் தயாராகி வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. அப்புறம் தெருமுனை ஸ்டாண்டில் தெரிந்த ஆட்டோ அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அரை நாளைக்கு எழுநூறு ரூபாய் பேசினோம், காத்திருக்கும் நேரத்துக்குத் தனியாகக் கேட்கவில்லை. கார் வேண்டாம், ஆட்டோதான் சரி. பாளைத் தெருக்களில் காரை நிறுத்த இடம் தேடுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும்.

டவுனிலிருந்து ஜங்ஷன் வழியாகப் போனால் ஆற்றுப் பாலம் வரும். எல்லோரும் அதன்மேல் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விடுகிறோம். நாங்கள் கொக்கிரகுளம் பக்கம் ஆட்டோவை ஓரங்கட்டச் சொல்லி, ஆற்றங்கரைக்கு இறங்கிப் பார்த்தோம். சுலோச்சன முதலியார் பாலத்தின் அழகு மேலே நின்றால் தெரியாது, கீழிருந்துதான் தெரியும். 60 அடி வளைவுகள் பதினொன்று, மொத்தம் 760 அடி நீளம், 1843 நவம்பர் 27ல் திறந்தது. அதற்கு முன்னால் பாளையிலிருந்து நெல்லைக்கு வர வேண்டுமென்றால் படகுத்துறையில் காத்துக் கிடக்க வேண்டும், யார் முதலில் ஏறுவது என்று அடிதடியே நடக்குமாம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக (தலைமை அலுவலராக) இருந்த சுலோச்சன முதலியார், மக்களிடம் சுங்கம் வசூலித்துப் பாலம் கட்டுவதில் மனம் ஒப்பாமல், தன் சொத்தையும் மனைவியின் நகைகளையும் கொடுத்து ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாயில் கட்டிக் கொடுத்தார். லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துப் போட்ட வரைபடம் என்பார்கள். அந்த வாட்டர்லூ பாலத்தை 1930களில் இடித்துவிட்டு வேறு கட்டிவிட்டார்கள். நம்முடையது நிற்கிறது, பஸ்ஸும் லாரியும் இன்னமும் அதன்மேல் போகின்றன.

அத்தை கரையில் நின்று விரலை நீட்டி வளைவுகளை எண்ணினார். ஒன்பதுக்கு மேல் புதர் மறைத்தது. "மிச்ச ரெண்டும் அங்கதான இருக்கும், எங்க போயிரப் போவுது" என்று திரும்பிவிட்டார். சனிக்கிழமைகளிலும் அமாவாசையிலும் குளிக்க வருபவர்கள் போட்டுவிட்டுப் போகிற பழந்துணி கரையெல்லாம் கிடக்கிறது, கால் வைக்க இடமில்லாத அளவுக்கு. ஆற்றுக்குள் துணியைப் போடுவது எந்தப் புண்ணியத்திலும் சேராது, தயவு செய்து போடாதீர்கள். கீழே இறங்குபவர்கள் செருப்போடு இறங்குங்கள், பாசி வழுக்கும்.

அங்கிருந்து வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி. ஊசிக் கோபுரம் வலுவில் கண்ணில் படும். அத்தை ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "நிறுத்துங்க நிறுத்துங்க" என்றார். "இருங்க அத்தை, வாரோம், இதுக்கு முந்தி ஒரு எடம் இருக்கு" என்று சொல்லி நேராகப் பாளைக்குள் விடச் சொன்னேன்.

கிளாரிந்தா ஆலயம் என்று கேட்டால் ஆட்டோ ஸ்டாண்டில் பாதிப் பேர் யோசிப்பார்கள். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று கேளுங்கள், வயதில் மூத்தவர்கள் உடனே கை காட்டுவார்கள். பழைய கோட்டைப் பகுதிக்குள் இருக்கிறது. வழிகாட்டும் பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை, அண்ணாச்சி இரண்டு இடத்தில் விசாரித்துத்தான் வந்து சேர்ந்தார்.

பார்த்தவுடன் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சிறிய கோயில். ஊசிக் கோபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு வீட்டளவு. ஆனால் 1785ல் கட்டியது. ஊசிக் கோபுரத்துக் கோயிலைவிட நாற்பத்தொரு வருஷம் மூத்தது. அதைவிடப் பெரிய விஷயம், இதைக் கட்டியவர் கலெக்டரோ கம்பெனியோ மிஷனோ இல்லை, ஒரு விதவைப் பெண்.

கோகிலா என்பது அவருடைய பழைய பெயர். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமணக் குடும்பம். புருஷன் இறந்ததும் உடன்கட்டை ஏற்ற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். அவரிடமே இங்கிலீஷும் பைபிளும் படித்தார். தஞ்சாவூரிலிருந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் (பாதிரியாரை இங்கே ஐயர் என்பார்கள்) ஞானஸ்நானம் கேட்டபோது, கல்யாணம் செய்யாமல் ஒரு ஆணோடு வாழ்பவளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778ல்தான் கொடுத்தார், கிளாரிந்தா என்ற பெயர் அப்போது வந்தது. யோசித்துப் பாருங்கள், பிறந்த சாதி விலக்கிவிட்டது, கூட இருந்தவர் செத்துப்போனார், போன இடத்தில் குருவானவரும் முதலில் வேண்டாம் என்று சொன்னவர்தான். இத்தனைக்கும் பிறகு அந்தப் பெண் கோட்டைக்குள் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, கோயில் கட்டியிருக்கிறார். 1780ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர், பல சாதிக்காரர்கள் ஒரே பட்டியலில். ஊருக்குப் பொதுவாக ஒரு கிணறும் வெட்டினார், பாப்பாத்தி அம்மாள் கிணறு என்றுதான் அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் எடுக்கலாம் என்று ஒரு கிணறு வெட்டுவது, கோயில் கட்டுவதைவிடப் பெரிய காரியமாக எனக்குப் படுகிறது.

திருநெல்வேலிச் சீமையில் இன்று தடுக்கி விழுந்தால் ஒரு கோயில் கோபுரம், ஒரு மிஷன் பள்ளிக்கூடம். அதற்கெல்லாம் ஊற்றுக்கண் இந்தச் சின்னக் கட்டிடம். சுவார்ட்ஸ் ஐயரே 1785ல் வந்து இதைப் பிரதிஷ்டை செய்தார். இங்கே ஊழியம் பார்த்த சத்தியநாதனுக்கு 1790ல் குருப்பட்டம் கிடைத்தது. 1799ல் டேவிட் சுந்தரானந்தம் தேரிக்காட்டுப் பக்கம் நிலம் வாங்கி முதலூரை உண்டாக்கினார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்ததுதான் நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் மாதிரி கிறிஸ்தவ ஊர்கள் எல்லாம்.

நாங்கள் போன நேரம் கோயில் குட்டியார், அதாவது கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர், பெருக்கிக்கொண்டிருந்தார். பார்க்கலாமா என்று கேட்டோம். "வாங்கம்மா, செருப்ப மட்டும் அங்கன விட்டுட்டு வாங்க" என்றார், அவ்வளவுதான், வேறு கேள்வி கிடையாது. நாங்கள் சைவர்கள், அத்தை நெற்றியில் பட்டையாகத் திருநீறு. எந்த ஊர், யாரைப் பார்க்கணும் என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது குளிர்ச்சி. வெளியே எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது, உள்ளே தரை சில்லென்றிருக்கிறது. சுவரின் கனம் ஜன்னல் பக்கம் போய் நின்றால் புரியும், நான் முழங்கையை உள்ளே நீட்டிப் பார்த்தேன். பெஞ்சுகளின் கைப்பிடி ஓரம் மட்டும் வார்னிஷ் போய் வழவழவென்று இருக்கிறது, எழுந்து நிற்கும்போது எத்தனையோ பேர் அதைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார்கள். அத்தையும் அதையே பிடித்துத்தான் எழுந்தார்.

"எங்க ஹாஸ்டல்ல அஞ்சு வருஷம் இருந்திருக்கேன், இந்த அம்மாளப் பத்தி ஒருத்தரும் சொல்லலயே" என்று அத்தை கேட்டது எனக்கு உறுத்தலாக இருந்தது. ஊசிக் கோபுரத்தை எல்லோருக்கும் தெரிகிறது, உயரம் இருக்கிறது, ரோட்டுமேல் இருக்கிறது. கிளாரிந்தாவைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், முதலில் இங்கே போங்கள். பெரியதைப் பார்த்துவிட்டுச் சின்னதற்குப் போனால் சின்னது சின்னதாகவே தெரியும்.

காலைச் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பளபளவென்று ஒரு ஓட்டல், ஏசி போர்டைப் பார்த்து ஏறிவிட்டோம். இரண்டு இட்லி, ஒரு நெய் ரோஸ்ட். இட்லி வர இருபது நிமிஷம், சாம்பார் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது, ரோஸ்டை மூலையில் இருந்த இன்னொரு மேசைக்குக் கொடுத்துவிட்டு எங்கள் பில்லில் எழுதியிருந்தார்கள். சொன்ன பிறகு திருத்திக் கொடுத்தார்கள், ஒரு மன்னிப்புகூடச் சொல்லவில்லை. பெயர் சொல்ல விரும்பவில்லை. மார்க்கெட் பக்கம் உள்ள சின்னக் கடைகளில் சாப்பிடுங்கள், அதுதான் என் யோசனை. அதன் பிறகு ஒரு தள்ளுவண்டியில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி குடித்தோம், அத்தைக்கு அதில்தான் முகம் தெளிந்தது.

மேடை போலீஸ் ஸ்டேஷன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பாளையங்கோட்டைக்குக் கோட்டை என்று பெயர் வந்ததற்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சிகளில் இது ஒன்று. கும்பினிக்காரர்களின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியாரின் படை தங்கியிருந்த கோட்டையின் வாசல் இது. மதில்களை அவர்களே பின்னால் இடித்துவிட்டார்கள், வாசல் கட்டிடம் தப்பியது, உயரமான மேடை போல இருந்ததால் மேடை போலீஸ் ஸ்டேஷன் ஆனது. இந்தக் கோட்டைச் சிறையிலிருந்துதான் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2ஆம் தேதி தப்பிப் போனார். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு ஒன்றே கால் வருஷம் ஆகியிருந்தது. தப்பிப்போன கையோடு பாஞ்சாலங்குறிச்சியில் இடித்துப்போட்ட கோட்டையை மறுபடி எழுப்பிவிட்டார்கள், கும்பினிப்படை திரும்பப் போர் தொடுக்க வேண்டியதாயிற்று. சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் படித்த கதைக்கு இப்படி ஒரு கல்லும் சுண்ணாம்பும் இருக்கிறது என்று பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. பக்கத்தில் பஜாரின் இரைச்சல், துணிக்கடை, பாத்திரக்கடை. நின்று பார்க்கப் பத்து நிமிஷம் போதும். தசரா சமயத்தில் வந்தால் இந்தத் தெருக்களில்தான் ராத்திரி முழுக்க அம்மன் சப்பரங்கள் வரிசைகட்டும், அது வேறொரு பாளை, அதற்குத் தனியாக வர வேண்டும்.

சரி, இனி ஊசிக் கோபுரம். பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தோம்.

வளாகத்துக்குள் நுழைந்து கோபுரத்தின் அடியில் நின்று பார்த்தால், ரோட்டிலிருந்து பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அடியில் அகலமாகத் தொடங்கி மேலே போகப் போக ஒடுங்கி, நுனியில் நிஜமாகவே ஊசி. மேகம் நகர்ந்தால் கோபுரம்தான் நம்மேல் சாய்வது போல இருக்கிறது, அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருநெல்வேலி திருமண்டலத்தின் கதீட்ரல் இது, பரிசுத்த திரித்துவ பேராலயம் என்பது முழுப் பெயர். 1826 ஜூன் 26ல் பிரதிஷ்டை ஆனது, அதாவது இருநூறு வருஷம்.

கட்டியவர் ரேனியஸ் ஐயர். பிரஷ்யாக்காரர், சர்ச் மிஷன் சங்கத்துக்காக 1814ல் சென்னை வந்தார், 1820ல் பாளைக்கு வந்தார். முருகன்குறிச்சியில் இந்த நிலத்தை அவருக்குக் கொடுத்தவர் வேங்கு முதலியார் என்ற இந்து. சுலோச்சன முதலியாரையும் சேர்த்துப் பாருங்கள், இந்த ஊரின் அடையாளங்களில் பாதி, இன்னொரு மதத்துக்காரருக்குக் கைகொடுத்தவர்களால் நிற்பது. ரேனியஸ் திருப்பாற்கடல் நாதன் கவிராயரிடம் முறையாகத் தமிழ் படித்தவர். பைபிள் மொழிபெயர்ப்பைத் திருத்தினார், தமிழ் இலக்கணம் எழுதினார், 1832ல் பூமி சாஸ்திரம் என்று பூகோளப் புத்தகமே தமிழில் போட்டார். புதிதாகச் சேர்ந்தவர்களை ஊரில் அடிக்கிறார்கள், வீட்டைக் கொளுத்துகிறார்கள் என்று வந்தபோது, நிலம் வாங்கிப் புது ஊர்களையே அமைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடங்களை வரிசையாகத் திறந்தார், பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து.

இத்தனை செய்தவரை 1835ல் சங்கம் விலக்கிவிட்டது. அவர் லூத்தரன் சபைக்காரர், சங்கம் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது, குருப்பட்டம் கொடுக்கும் முறையிலும் சபை ஒழுங்கிலும் அவருக்கு ஒப்புதல் இல்லை, அதை எழுதியும் வெளியிட்டார். ஊரை விட்டுப் போனவர், இங்குள்ள ஜனங்கள் கூப்பிட்டதால் திரும்பி வந்து தனியாக ஊழியம் செய்து 1838 ஜூனில் இறந்துபோனார். நாற்பத்தேழு வயதுதான். கல்லறை இந்தக் கோயிலில் இல்லை, பாளையிலேயே அடைக்கலாபுரத்தில் இருக்கிறது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கிற ஊசிக் கோபுரமும் அவர் காலத்துக்குப் பிறகு எழும்பியதுதான், அவர் கண்ணால் பார்க்கவில்லை. எனக்கு இந்த இடத்தில்தான் தொண்டை அடைத்தது. கிளாரிந்தாவை வாசலில் நிறுத்தினார்கள், ரேனியஸை வாசலுக்கு வெளியே அனுப்பினார்கள். இரண்டு பேர் கட்டியதும் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை நிரம்புகிறது.

உள்ளே பெரிய கூடம், உயரமான கூரை, நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள். சுவரில் நினைவுக் கற்கள் பதித்திருக்கிறார்கள், நின்று நிதானமாகப் படியுங்கள், அவசரப்படாதீர்கள். மூன்று பெண்பிள்ளைகள் முன்பக்கம் பாட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் ஒருத்தி மட்டும் சுருதி விட்டு நின்றுவிடுவாள், மற்ற இரண்டு பேரும் அவளுக்காகத் திரும்ப முதலிலிருந்து எடுப்பார்கள். அத்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். ஹாஸ்டலில் இருக்கும்போது கிறிஸ்துமஸ் ராத்திரி சிநேகிதிகளோடு இங்கே வந்திருக்கிறாராம், கூட்டத்தில் உள்ளே நுழைய முடியாமல் வெளியே மரத்தடியில் நின்று பாட்டு மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம். "அம்பது வருஷம் கழிச்சு உள்ள வந்து உக்காந்துட்டேன், பாத்தியா" என்றார். அந்தப் பிள்ளைகள் நாலாவது தடவை சரியாகப் பாடி முடித்தபோது அவர் கைதட்டிவிட்டார், மூன்றும் வெட்கப்பட்டுச் சிரித்தன.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுற்றிப்பார்க்கப் போகாதீர்கள், ஆராதனைக்கே போவதானால் தாராளமாகப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். வார நாளில் காலை நேரம் நல்லது. உள்ளே படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், கல்யாணமோ அடக்க ஆராதனையோ நடந்தால் செல்போனைப் பைக்குள் வையுங்கள். நாங்கள் இரண்டு இடத்திலும் கட்டணம் எதுவும் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை, காணிக்கைப் பெட்டியில் இஷ்டப்பட்டதைப் போட்டோம். முழங்கால் வலி உள்ள அத்தை ஏறும் அளவுக்குப் படிகள் கொஞ்சம்தான். கழிப்பறைக்குத்தான் திண்டாட்டம், வழியில் பொதுக் கழிப்பறை ஒன்றும் உபயோகப்படும் நிலையில் இல்லை. பெண்கள் வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ கிளம்பும்போதே அதை யோசித்துக் கிளம்புங்கள்.

நேரம் இருந்தால் புனித மாற்கு சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகம் பக்கத்தில்தான். வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை, அதைப் பார்த்துப் போங்கள். நாங்கள் போனது வியாழன். பழங்காலத்தில் இறந்தவர்களை அடக்கம் செய்த ஆதிச்சநல்லூர்த் தாழியின் முன்னால் நின்றபோது, இவ்வளவு நேரம் இருநூறு வருஷம், இருநூற்று நாற்பது வருஷம் என்று பேசிக்கொண்டு வந்ததெல்லாம் நேற்று நடந்தது போல ஆகிவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதை விட வேண்டாம். அத்தைக்குக் கால் வலித்ததால் முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

திரும்பும் வழியில் பெருமாள்புரம் சுற்றி சாரா டக்கர் வாசலில் இரண்டு நிமிஷம் நிறுத்தினோம். சாரா டக்கர் என்கிற அம்மா இந்தியாவுக்கே வந்ததில்லை. அவருடைய அண்ணன் சென்னையில் மிஷனரி, இவர் உடல் ஊனத்தோடு இங்கிலாந்திலேயே இருந்தவர், இங்குள்ள பெண்களுக்குப் படிப்பு வேண்டும் என்று அங்கிருந்தே பாடுபட்டார். அவர் இறந்த பிறகு சிநேகிதிகள் அவர் நினைவாகப் பணம் திரட்டித் தொடங்கிய பள்ளி, 1895ல் கல்லூரியானது. அத்தை கேட்டுக்கு உள்ளே போக வேண்டாம் என்றார். ஆட்டோவிலிருந்தே பார்த்தார். வகுப்பு விட்டுப் பிள்ளைகள் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள், ஒருத்தி ஓடி வந்து, "ஆச்சி, யாரையாச்சும் கூப்பிடணுமா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நானும் இங்கதான் படிச்சேன்" என்று அத்தை சொன்னதும் அவள், "எந்த பேட்ச் ஆச்சி?" என்றாள் பாருங்கள், அத்தைக்கு வருஷத்தைச் சொல்ல அவ்வளவு சந்தோஷம்.

மொத்தச் செலவு, ஆட்டோ எழுநூறு, அந்த ஓட்டலில் அழுதது இருநூற்றுப் பத்து, சுக்குக் காப்பி, காணிக்கை எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறுக்குள். ஆறே முக்காலுக்குக் கிளம்ப நினைத்து ஏழரைக்குக் கிளம்பி, ஒன்றரைக்கு வீடு. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலரை கொடுப்பேன். குறைத்த அரை, கிளாரிந்தா கோயிலுக்கு வழி காட்ட முக்கில் ஒரு பலகைகூட இல்லாததற்கு.

மே மாதம் வேண்டாம், வெயில் தாங்காது. ஜூன், ஜூலையில் குற்றாலத்துச் சாரல் காற்று பாளை வரைக்கும் எட்டும், நடக்க இதமாக இருக்கும். கூட ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் இடையன்குடிக்குப் போய்வாருங்கள், கால்டுவெல் ஐயர் முப்பத்துமூன்று வருஷம் பாடுபட்டு 1880ல் முடித்த கோயில், அவரை அடக்கம் செய்ததும் அதற்குள்தான். அத்தை ஊருக்குப் போகும்போது ரயிலில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சொன்னது இதுதான்: "தை மாசம் வாரேன். இடையன்குடிக்கு அந்த அண்ணாச்சியையே இப்பமே சொல்லி வச்சிரு."

சொல்லி வைத்துவிட்டேன். தூரம் கூட என்பதால் கார் ஏற்பாடு பண்ணுகிறேன் என்கிறார்.